ரிக்டரின் ‘அக்டோபர் 18, 1977’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெர்ஹார்ட் ரிக்டரின் ‘அக்டோபர் 18, 1977’ பற்றி எங்கே பேசினாலும் பேச்சு முடிந்ததும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள் எழுகின்றன. ஓவியம் படிக்கும் பிள்ளைகள் கேட்பது ஒரு விதம், அரசியல் பேசும் நண்பர்கள் கேட்பது இன்னொரு விதம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: கொலை செய்தவர்களின் சாவை ஓர் ஓவியர் எதற்காக இவ்வளவு அக்கறையோடு வரைந்தார்? அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால்.

இது ஒரு ஓவியமா, பல ஓவியமா? யார், எப்போ வரைஞ்சது?

15 எண்ணெய் ஓவியங்கள் சேர்ந்த ஒரு தொகுப்பு. ஜெர்மானிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 1988இல் வரைந்தார். எல்லாமே கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்கள் மட்டும். பத்திரிகைகளில் வந்த படங்களும் காவல்துறை எடுத்த படங்களுமாகப் பழைய புகைப்படங்களைப் பார்த்து வரையப்பட்டவை. ஆகச் சிறியது 35 செ.மீ.க்கு 40 செ.மீ., ஆகப் பெரியது 2 மீட்டருக்கு 3.2 மீட்டர்.

முதன்முதலில் 1989 பிப்ரவரியில் கிரேஃபெல்ட் நகரத்தில் உள்ள ஹவுஸ் எஸ்டர்ஸ் என்ற அருங்காட்சியகத்தில் மாட்டப்பட்டன. அது பட்டுத் தொழிலில் பெரிய ஆளாக இருந்த ஒருவருக்காகக் கட்டிடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ கட்டிய வீடு. முதலாளித்துவத்தை வீழ்த்தக் கிளம்பியவர்களின் முகங்கள் ஒரு தொழிலதிபரின் வீட்டுச் சுவரில் முதலில் ஏறின. இப்போது 15 ஓவியங்களும் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவிடம் இருக்கின்றன.

போன்ல பார்த்தேன், எல்லாமே அவுட் ஆஃப் ஃபோகஸா இருக்கு. இமேஜ் சரியில்லையா?

இமேஜில் குறையில்லை. ஓவியங்களே அப்படித்தான். முகம் தெரிகிறது, ஆனால் கண் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. அறை தெரிகிறது, ஆனால் புத்தகங்களின் தலைப்பைப் படிக்க முடியாது. ரிக்டர் முதலில் தெளிவாக வரைந்து, பிறகு வேண்டுமென்றே கலைத்தார். எப்படி, ஏன் என்பது கீழே வருகிறது.

1977 அக்டோபர் 18 அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?

அன்று காலை மேற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரை ஒட்டிய ஷ்டாம்ஹைம் சிறையில், உச்சக் காவல் இருந்த தளத்தில், ஆந்த்ரியாஸ் பாடரும் குட்ருன் என்ஸ்லினும் தங்கள் அறைகளில் இறந்து கிடந்தார்கள். யான்-கார்ல் ராஸ்பே துப்பாக்கிக் காயத்தோடு உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார், பிறகு இறந்தார். நான்காமவரான இர்ம்கார்ட் மோல்லர் மார்பில் கத்திக் காயங்களோடு பிழைத்துக்கொண்டார். நால்வரும் செம்படைப் பிரிவு என்ற ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர்கள். பாடர்-மைன்ஹோஃப் கும்பல் என்று பத்திரிகைகள் எழுதியது இவர்களைத்தான்.

அதற்கு முந்தைய ஆறு வாரங்களைச் சொல்லாமல் அந்தக் காலை புரியாது. செப்டம்பர் 5 அன்று ஜெர்மன் முதலாளிகள் சங்கத் தலைவர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லேயரைக் கொலோன் நகரில் குழுவினர் கடத்தினார்கள். அவருடைய ஓட்டுநரும் பாதுகாப்புக்கு வந்த மூன்று காவலர்களும் அந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறையில் இருக்கும் தோழர்களை விடுதலை செய் என்பது கோரிக்கை. பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் அரசு மசியவில்லை. அக்டோபர் 13 அன்று, அதே கோரிக்கையை வலுப்படுத்தப் பாலஸ்தீன ஆயுதக் குழு ஒன்று ‘லாண்ட்ஸ்ஹூட்’ என்ற லுஃப்தான்ஸா விமானத்தைக் கடத்தியது. ஏடன் நகரில் விமானத்தின் தலைமை விமானி யூர்கன் ஷூமன் சுட்டுக் கொல்லப்பட்டார். 18ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் சோமாலியாவின் மொகதிஷுவில் ஜெர்மன் சிறப்புக் காவல்படை விமானத்துக்குள் புகுந்து பயணிகளை மீட்டது. அந்தச் செய்தி வந்து சில மணி நேரத்தில் சிறையில் மரணங்கள். மறுநாள் ஷ்லேயரின் உடல் பிரான்சின் முல்ஹவுஸ் நகரில், ஒரு காரின் பின்பெட்டியில் கிடைத்தது.

ஆக, இந்தத் தேதியை நினைக்கும்போது அந்த மூன்று சிறை அறைகளோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. தெருவில் விழுந்த காவலர்களும் விமானியும் ஷ்லேயரும் அதே தேதிக்குள் இருக்கிறார்கள். ஓவியங்களில் அவர்கள் இல்லை. அதைப் பற்றி இன்னொரு கேள்வியில் விரிவாகப் பேசுகிறேன்.

இவங்க யாரு? எதுக்கு ஆயுதம் எடுத்தாங்க?

பட்டினியால் போராட வந்தவர்கள் அல்ல. என்ஸ்லின் ஒரு பாதிரியாரின் மகள், இலக்கியம் படித்தவர். உல்ரிகே மைன்ஹோஃப் பெயர் பெற்ற பத்திரிகையாளர், ‘கொங்க்ரெட்’ என்ற இடதுசாரி இதழில் எழுதியவர், இரட்டைப் பெண் குழந்தைகளின் தாய். ஹோல்கர் மைன்ஸ் சினிமா படித்தவர்.

1967 ஜூன் 2 அன்று ஈரான் மன்னர் ஷா மேற்கு பெர்லினுக்கு வந்ததை எதிர்த்த ஊர்வலத்தில், ஆயுதம் இல்லாத மாணவர் பென்னோ ஓனசோர்க்கை ஒரு காவலர் சுட்டுக் கொன்றார். சுட்டவர் விடுதலையானார். (அந்தக் காவலர் கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறைக்கு ரகசியமாக வேலை செய்தவர் என்பது 2009இல் வெளிவந்தது.) நாஜி ஆட்சியில் இருந்தவர்கள் பலர் நீதிமன்றங்களிலும் நிறுவனங்களிலும் பெரிய நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். ஷ்லேயரே நாஜிகளின் எஸ்.எஸ். படையில் அதிகாரியாக இருந்தவர். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. இந்த அரசு பழைய பாசிசத்தின் தொடர்ச்சிதான், அடித்தால் அதன் உண்மை முகம் வெளியே வரும், மக்கள் எழுவார்கள் என்று இவர்கள் நம்பினார்கள்.

1968இல் ஃபிராங்ஃபர்ட் கடைகளுக்குத் தீ வைத்ததில் தொடங்கி, 1970இல் பாடரைக் காவலிலிருந்து மீட்டு, 1972 மே மாதம் வரிசையாகக் குண்டு வைத்தார்கள். அந்தக் குண்டுகளில் நான்கு அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் முக்கியமானவர்கள் அனைவரும் பிடிபட்டார்கள். மைன்ஸ் 1974இல் உண்ணாவிரதத்தில் இறந்தார். மைன்ஹோஃப் 1976 மே 9 அன்று சிறை அறையில் இறந்து கிடந்தார். வெளியே புதிய தலைமுறை கொலைகளைத் தொடர்ந்தது. 1998இல் குழு தன்னைக் கலைத்துக்கொண்டதாக அறிவிப்பதற்குள் 30க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தார்கள்.

ரிக்டர் அவங்க ஆளா? இடதுசாரியா?

இல்லை. அவர் பிறந்தது 1932இல், டிரெஸ்டனில். சிறு வயதில் நாஜி ஆட்சியைப் பார்த்தார், வளர்ந்தபின் கிழக்கு ஜெர்மனியின் சோசலிச ஆட்சியில் சுவரோவியம் படித்தார். டிரெஸ்டன் சுகாதார அருங்காட்சியகத்தில் மகிழ்ச்சியான மனிதர்களைக் கொண்ட ஒரு பெரிய சுவரோவியத்தையும் வரைந்தார். பிற்பாடு அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். 1961இல், பெர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்கள் முன்பு, மேற்கே வந்து டுஸ்ஸல்டார்ஃப் கலைக்கல்லூரியில் மறுபடி மாணவராகச் சேர்ந்தார்.

இரண்டு கொள்கைகள் தன் கண்முன்னே மனிதர்களை எப்படி நடத்தின என்று பார்த்தவர். மூன்றாவது கொள்கையோடு சிலர் கிளம்பியபோது அவருக்கு ஆர்வத்தைவிட அச்சமே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுடைய அரசியலில் தனக்கு உடன்பாடில்லை என்பதை அவர் மறைத்ததும் இல்லை.

ஃபோட்டோவைப் பார்த்து வரைஞ்சா அது காப்பிதானே? ஃபோட்டோவையே மாட்டியிருக்கலாமே?

இது நியாயமான கேள்வி. அந்தப் புகைப்படங்களை ஜெர்மனியில் எல்லாரும் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்கள். ‘ஸ்டெர்ன்’, ‘டெர் ஷ்பீகல்’ போன்ற இதழ்களில் வந்தவை. இறந்த பெண்ணின் கழுத்தை அருகில் எடுத்த படம், கைதான இளைஞனை உள்ளாடையோடு இழுத்துச் செல்லும் படம். காவல்துறைக்கு அவை சான்று, இதழ்களுக்குப் பரபரப்பு, ஆதரவாளர்களுக்கு அரசின் கொடுமை. அவரவர் தங்களுக்கு வேண்டியதை ஒரு நொடியில் எடுத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்கள்.

ஓவியம் அந்த ஒரு நொடியைத் தடுக்கிறது. ஒருவர் பல நாள் நின்று, அந்தக் கழுத்தையும் அந்தத் தரையையும் தூரிகையால் தொட்டுத் தொட்டு வரைந்திருக்கிறார் என்பது ஓவியத்தின் முன் நிற்கும்போது தெரியும். புகைப்படத்தில் இருப்பது ஒரு பிணம் பற்றிய தகவல். ஓவியத்தில் அதனருகே ஒரு மனிதர் கழித்த நேரமும் இருக்கிறது. அந்த நேரத்தைத்தான் நான் துக்கம் என்று சொல்வேன்.

மங்கலா எப்படி ஆக்கினார்? ஸ்பிரே அடிச்சாரா?

ஸ்பிரே எதுவும் இல்லை. புகைப்படத்தை ஒரு புரொஜெக்டர் வழியாகத் திரைச்சீலையில் விழவைத்துக் கோடுகளை எடுத்துக்கொள்வார். பிறகு கறுப்பையும் வெள்ளையையும் கலந்த பல சாம்பல் நிறங்களில் புகைப்படத்தைப் போலவே வரைவார். எண்ணெய் வண்ணம் சீக்கிரம் காயாது. அது ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த அகலத் தூரிகையை மேலே இழுப்பார். ஈரச் சுண்ணாம்புச் சுவரில் கை பட்டால் எல்லைகள் கரைவதுபோல, கறுப்பும் வெள்ளையும் ஒன்றுக்குள் ஒன்று நழுவும்.

இழுக்கும் திசையும் அழுத்தமும் படத்துக்குப் படம் மாறும். சிறை அறையைக் காட்டும் ஓவியத்தில் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன, அறையே கீழே வழிவதுபோல இருக்கும். மைன்ஹோஃபின் இளமைப் படத்தில் தூரிகை மிக மெல்லப் போயிருக்கிறது. இந்த உத்தியை அவர் 1960களிலிருந்தே பயன்படுத்தி வந்தார். எல்லாவற்றையும் சமமாக்குவதற்காக, ஒன்று முக்கியம் இன்னொன்று முக்கியமில்லை என்று ஆகாமல் இருப்பதற்காக மங்கலாக்குவதாக அந்தக் காலத்தில் எழுதினார். ஆனால் 1988இல் அதே உத்தி வேறு வேலை செய்கிறது என்பது என் கருத்து. ஒரு நாற்காலியைச் சமமாக்குவதும் ஒரு பிணத்தைச் சமமாக்குவதும் ஒன்றாக முடியாது.

15லயும் என்னென்ன இருக்கு? எந்த வரிசையில பார்க்கணும்?

கட்டாய வரிசை கிடையாது. மாட்டும்போது இடத்துக்குத் தகுந்தபடி மாறும். சம்பவங்கள் நடந்த வரிசையில் சொன்னால் புரிந்துகொள்ள வசதி: மைன்ஹோஃபின் இளமைப் படம் ஒன்று, 1972 ஜூன் 1 அன்று ஃபிராங்ஃபர்ட்டில் மைன்ஸ் கைதாகும் காட்சி இரண்டு, அதில் ஒரு கவச வாகனம் நிற்கும், கைதான என்ஸ்லின் கேமராவைக் கடந்து போகும் காட்சி மூன்று, இறந்த மைன்ஹோஃப் மூன்று, பாடரின் அறை, பாடரின் ரெக்கார்டு பிளேயர், தரையில் கிடக்கும் பாடர் இரண்டு, என்ஸ்லினின் உடல் ஒன்று, கடைசியில் இறுதி ஊர்வலம்.

என்ஸ்லினின் மூன்று ஓவியங்களில் கொஞ்சம் அதிகமாக நில்லுங்கள். முதலாவதில் நம் பக்கம் திரும்புகிறார், அடுத்ததில் சிரிக்கிறார், மூன்றாவதில் தலை குனிந்து போய்விடுகிறார். அந்தச் சிரிப்பு தெரிந்தவரைப் பார்த்து வரும் சாதாரணச் சிரிப்பு. தீ வைத்தவர், குண்டு வைத்த குழுவின் மூளையாக இருந்தவர் என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் அந்தச் சிரிப்பு நம்மைத் தொடுகிறது. தொடுவதால் குற்றம் குறைவதில்லை, குற்றம் தெரிந்ததால் சிரிப்பும் மறைவதில்லை. தொகுப்பு முழுதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஒரே காட்சியை ஏன் ரெண்டு மூணு தடவை வரையணும்?

இறந்த மைன்ஹோஃபின் மூன்று ஓவியங்களை எடுத்துக்கொள்வோம். படுத்திருக்கும் பெண்ணின் பக்கவாட்டு முகம். முதலாவது 62க்கு 67 செ.மீ., அடுத்தது 62க்கு 62, கடைசி 35க்கு 40. ஓவியம் சிறிதாகச் சிறிதாக அவர் நம்மை விட்டு விலகிப் போகிறார். பாடரின் இரண்டு ஓவியங்களில் இரண்டாவது முதலாவதைவிட அதிகம் கரைந்திருக்கும்.

பொதுவாக, திரும்பத் திரும்பப் பார்த்தால் தெளிவு கூடும் என்று எதிர்பார்ப்போம். புலனாய்வு அந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. இங்கே ஒவ்வொரு முறையும் தெரிவது குறைகிறது, கனம் கூடுகிறது.

ஆளுங்களை வரைஞ்சது சரி. ரெக்கார்டு பிளேயரை ஏன் வரைஞ்சார்?

என்னைக் கேட்டால் 15இல் ஆகக் கனமான ஓவியம் அதுதான். மேலிருந்து பார்த்த ஒரு ரெக்கார்டு பிளேயர், அதன் மேல் ஓர் இசைத்தட்டு, பக்கத்தில் ஊசிக்கை. யார் வீட்டிலும் இருக்கக்கூடியது. விஷயம் தெரியாதவர் அதைக் கடந்து போய்விடுவார்.

அது பாடரின் அறையில் இருந்தது. அவர் சாகக் காரணமான துப்பாக்கி அதற்குள்தான் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று அதிகாரபூர்வ விசாரணை சொன்னது. இப்போது மறுபடி அதே ஓவியத்தைப் பாருங்கள். ஓவியத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் பார்ப்பவருக்கு அது வேறு பொருளாகிவிட்டது. ஒரு முப்பத்து நான்கு வயதுக்காரர் இசை கேட்கும் ஆசையும் சாவும் ஒரே பெட்டிக்குள் இருந்திருக்கின்றன. ரத்தம் தெரியும் ஓவியங்களைவிட இது என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது.

அது தற்கொலையா, கொலையா? ரிக்டர் என்ன சொல்றார்?

அதிகாரபூர்வ முடிவு தற்கொலை. அவ்வளவு காவல் உள்ள சிறைக்குள் துப்பாக்கிகள் எப்படி வந்தன, பாடரின் குண்டுக் காயம் ஏன் தலைக்குப் பின்புறம் இருந்தது என்ற கேள்விகளால் ஆதரவாளர்கள் கொலை என்றே நம்பினார்கள். வழக்கறிஞர்கள் வழியாக ஆயுதங்கள் உள்ளே போயின என்பது அரசுத் தரப்பு. பிழைத்த மோல்லர், தாங்கள் தற்கொலைக்குத் திட்டமிடவில்லை என்று பிற்காலத்திலும் சொல்லிவந்தார். இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் தற்கொலை என்ற முடிவையே ஏற்கிறார்கள்.

ஓவியங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. இதைச் சிலர் நழுவல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படத்தை உற்றுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் இரு தரப்பும் அந்தப் புகைப்படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடின. ரிக்டர் அந்தத் தேடலுக்கு உதவும் விவரங்களை எல்லாம் கரைத்துவிட்டார். மிஞ்சியது, ஒருவர் இறந்து கிடக்கிறார் என்பது மட்டும்.

கொன்னவங்களைத் தியாகி ஆக்குற மாதிரி இல்லையா இது?

1989இல் ஜெர்மனியிலேயே பலர் இப்படித்தான் கேட்டார்கள். அப்போது குழு உயிரோடு இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கண்காட்சி நடந்த அதே ஆண்டு நவம்பர் 30 அன்று டாய்ச்சே வங்கித் தலைவர் ஆல்ஃபிரெட் ஹெர்ஹவுசன் குண்டு வெடிப்பில் கொல்லப்பட்டார். பழைய கதையை யாரோ கிளறுகிறார்கள் என்று ஒதுக்கிவிடக்கூடிய நிலை இல்லை.

தியாகியின் படம் எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். முகம் தெளிவாக இருக்கும், கண்கள் தூரத்தைப் பார்க்கும், சுவரொட்டியில் அச்சடிக்கத் தோதாக இருக்கும். இந்த ஓவியங்களில் ஒன்றைக்கூடச் சுவரொட்டி ஆக்க முடியாது. எதிர்த்தரப்புக்கும் அதே சிக்கல்: அரக்கர்கள் என்று காட்டவும் இவை உதவாது. இரண்டு பக்கமும் இந்தப் பிணங்களைப் பயன்படுத்த முடியாமல் செய்ததுதான் ரிக்டர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

இறுதி ஊர்வல ஓவியம் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அளவு பெரியது, ஒரு சமய ஓவியத்தின் தோரணை அதற்கு உண்டு. மேல்விளிம்பில் சிலுவைபோல ஒன்று மங்கலாகத் தெரிகிறது. தியாகம் என்ற வாசனை வருகிறது என்று யாராவது சொன்னால் அந்த ஓவியத்தைப் பொறுத்தவரை நான் மறுக்க மாட்டேன்.

அந்த ஊர்வலத்தை அரசாங்கம் எப்படி அனுமதிச்சுது?

எளிதாக நடக்கவில்லை. இவர்களைப் பொது மயானத்தில் புதைக்கவே கூடாது என்று கடும் எதிர்ப்பு. ஸ்டுட்கார்ட் மேயர் மான்ஃபிரெட் ரொம்மல், சாவோடு எல்லாப் பகையும் முடிய வேண்டும் என்று சொல்லி அனுமதித்தார். இரண்டாம் உலகப் போரின் தளபதி ரொம்மலின் மகன் அவர். ஹிட்லர் தன் தந்தையைத் தற்கொலைக்குத் தள்ளியதையும் பிறகு அரசு மரியாதையோடு அடக்கம் செய்ததையும் பதின்வயதில் பார்த்தவர். 1977 அக்டோபர் 27 அன்று டோர்ன்ஹால்டன் மயானத்தில் மூவரையும் அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் கூட்டம், கூட்டத்தைச் சுற்றி ஆயுதம் தாங்கிய காவலர்கள். ஓவியத்தில் இரண்டு கூட்டமும் ஒரே சாம்பல் நிறத் திரளாகத் தெரிகிறது.

அவங்க கொன்னவங்களை ஏன் வரையல? அவங்க குடும்பத்துக்கு இது எப்படி இருக்கும்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுத் திருப்தியான பதில் இல்லை, சமாதானம் சொல்லவும் விரும்பவில்லை. ஷ்லேயரின் ஓட்டுநர், மூன்று காவலர்கள், 1977 ஏப்ரலில் தலைமை அரசு வழக்கறிஞர் புபாக்கோடு காரில் சுடப்பட்டு இறந்த இருவர், ஜூலையில் வீட்டிலேயே சுடப்பட்ட வங்கியாளர் போன்டோ: இவர்களில் யாரும் இந்த 15இல் இல்லை. ஷ்லேயருக்காவது ஸ்டுட்கார்ட்டில் அவர் பெயரில் ஒரு பெரிய அரங்கம் இருக்கிறது. ஓட்டுநர்களை அவர்கள் குடும்பம் தவிர எத்தனை பேர் நினைக்கிறார்கள்? அந்தக் குடும்பத்தில் ஒருவர் இந்த ஓவியங்களின் முன் நின்று கோபப்பட்டால் அந்தக் கோபம் சரியானது. கலை தெரியாததால் வந்தது என்று யாரும் அதைத் தள்ளக் கூடாது.

ரிக்டர் பக்கம் நின்று சொல்ல ஒன்று இருக்கிறது. கொல்லப்பட்டவர்களுக்கு நாடு பொதுவில் அழுதது. அரசு மரியாதை, உரைகள், நினைவிடங்கள் இருந்தன. இந்த மூவரின் சாவைப் பற்றி மட்டும் பேசவே முடியவில்லை. பேசினால் நீ அவர்கள் ஆள் என்பார்கள். அந்த அடைப்பைத்தான் அவர் தொட்டார். அப்படித் தொட்டது ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

‘தோற்றுப்போன சித்தாந்தம்’னு எழுதறாங்களே, எந்தச் சித்தாந்தம்?

நேரடி அர்த்தத்தில் குழுவின் நகர்ப்புற கெரில்லாக் கொள்கை. நான்காவது கேள்வியில் சொன்னேன்: அரசை அடித்தால் மக்கள் எழுவார்கள் என்ற நம்பிக்கை. மக்கள் எழவில்லை. அரசு மேலும் இறுகியது, காவல் சட்டங்கள் கடுமையாயின, இடதுசாரிகள் எல்லாரும் சந்தேகத்துக்கு உள்ளானார்கள். குழுவிலிருந்து விலகிய பலருக்குக் கிழக்கு ஜெர்மனி ரகசியமாகப் புதிய பெயரும் வேலையும் கொடுத்து ஒளித்து வைத்திருந்தது. 1990இல், அந்த நாடே மறையும் தறுவாயில், அவர்கள் கைதானார்கள்.

ரிக்டர் இதைவிட அகலமாகப் பேசினார். இடதா வலதா என்பதல்ல, ஒரு கொள்கைக்காகத் தன்னையும் பிறரையும் பலிகொடுக்கத் துணியும் மனப்போக்கே தன்னைக் கலங்க வைக்கிறது என்ற பொருளில் விளக்கம் சொல்லியிருக்கிறார். இதில் எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு உண்டு. எல்லாக் கொள்கையும் ஒன்றுதான் என்று போனால் 1967இல் அந்த மாணவர் ஏன் சுடப்பட்டார், பழைய நாஜிகள் எப்படிப் பதவியில் இருந்தார்கள் என்ற கேள்விகள் ஓசையில்லாமல் நழுவிவிடும். நல்லவேளையாக ஓவியங்கள் அவருடைய விளக்கத்தைவிடக் கூர்மையானவை. குறிப்பிட்ட அறை, குறிப்பிட்ட முகம், குறிப்பிட்ட தேதி. பொதுவான தத்துவத்துக்குள் அவை எளிதில் அடங்குவதில்லை.

நடந்து 11 வருஷம் கழிச்சு ஏன்?

புகைப்படங்களை அவர் நெடுநாள் சேர்த்து வைத்திருந்தார். சூட்டோடு சூடாக வரைந்திருந்தால் அதுவும் ஒரு தரப்பின் அறிக்கையாகத்தான் வாசிக்கப்பட்டிருக்கும். வரையும்போதும் எல்லாம் ஒப்பேறவில்லை. தூக்கில் தொங்கும் என்ஸ்லினின் இன்னொரு ஓவியத்தின் மேல் வெள்ளை வண்ணத்தை இழுத்து மூடிவிட்டார். ‘போர்வை’ என்ற பெயரில் அது தனி ஓவியமாக நிற்கிறது, இந்த 15இல் சேராது. எவ்வளவு காட்டலாம் என்ற போராட்டம் அவருக்குள்ளேயே நடந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஜெர்மனி கதையை அமெரிக்காவுக்கு ஏன் வித்தார்?

தனியார் கைக்குப் போகக் கூடாது, 15உம் பிரியக் கூடாது என்பதில் ரிக்டர் உறுதியாக இருந்தார். முதலில் ஃபிராங்ஃபர்ட் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கடனாகக் கொடுத்தார். 1995இல் மோமா வாங்கியது, 30 லட்சம் டாலர் என்று அப்போது செய்திகள் வந்தன. ஜெர்மனியில் மனவருத்தம் இருந்தது, புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் தூரத்தில் இருப்பதால் ஒரு பயன் உண்டு. இந்த முகங்கள் யாரென்றே தெரியாதவர்கள் அங்கே வந்து நிற்கிறார்கள். 2002 பிப்ரவரியில் மோமாவில் ரிக்டரின் பெரிய கண்காட்சி திறந்தபோது, இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பயங்கரவாதம் பற்றிய ஓவியங்களை அந்த நகரம் எந்த மனநிலையில் பார்த்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அரசியல் வன்முறை பத்தி அவர் வேற வரைஞ்சிருக்காரா?

நிறைய. 1965இல் வரைந்த ‘மாமா ரூடி’யில் ஜெர்மன் ராணுவச் சீருடையில் சிரித்துக்கொண்டு நிற்பவர் அவருடைய தாயின் சகோதரர், போரில் இறந்தவர். அதே ஆண்டு வரைந்த ‘சித்தி மரியானே’யில் கைக்குழந்தையாக ரிக்டரும் அவரை வைத்திருக்கும் பதின்வயதுப் பெண்ணும். அந்தப் பெண்ணுக்கு மனநோய் என்று சொல்லி, கட்டாயக் கருத்தடை செய்து, பிறகு நாஜிகளின் கொலைத் திட்டத்தில் 1945இல் சாகவிட்டார்கள். ஒரே குடும்பத்தில் சீருடை போட்டவரும் பலியானவரும், ஒரே மங்கலில். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு 1988 தொகுப்புக்கு வந்தால் அவர் யாரையும் எளிதில் தரம் பிரிக்க மறுப்பது ஏன் என்று விளங்கும்.

2005இல் ‘செப்டம்பர்’ என்ற சிறிய ஓவியம், எரியும் கோபுரங்களைப் பற்றியது. 2014இல் ‘பிர்கெனௌ’. 1944இல் ஆஷ்விட்ஸ்-பிர்கெனௌ முகாமில் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து ரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்களை முதலில் திரைச்சீலையில் வரைந்தார். பிறகு அடுக்கடுக்காக வண்ணம் பூசி முற்றிலும் மறைத்துவிட்டார். அங்கே மங்கலாக்குவதுகூடப் போதவில்லை.

மங்கலாக்குறது பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறது இல்லையா? தெளிவா ஒரு நிலைப்பாடு எடுக்கலாமே?

ஓவியத்தைப் பார்க்காமல் உத்தியை மட்டும் கேள்விப்பட்டால் அப்படித்தான் தோன்றும். இதே உத்தியை இன்று எத்தனையோ பேர் கையாள்கிறார்கள். ஒரு கலவரப் படத்தை எடுத்துக் கலைத்துவிட்டு ஆழமானது என்று மாட்டிவிடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை தட்டிக் கழிப்புதான், மறுக்கவில்லை.

வித்தியாசம் ஓவியர் முதலில் எவ்வளவு உழைத்து உற்றுப் பார்த்தார் என்பதில் இருக்கிறது. ரிக்டர் காவல்துறைப் படங்கள் உட்படக் குவியலாகச் சேர்த்து, பார்க்கக் கடினமானவற்றையும் பார்த்து, அதிலிருந்து இந்தக் காட்சிகளைத் தேர்ந்தார். துல்லியமாக வரைந்த பிறகே அழித்தார். கலைந்த பரப்பின் அடியில் அந்தத் துல்லியம் இன்னும் இருக்கிறது, அதனால்தான் மைன்ஹோஃபின் முகம் மைன்ஹோஃபின் முகமாகவே தெரிகிறது. கொலை தவறு என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதைச் சொல்ல ஓவியம் தேவையில்லை, ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்த பிறகும் இந்த மனிதர்களின் சாவு ஏன் உறுத்துகிறது என்பதற்குத்தான் 15 ஓவியங்கள் தேவைப்பட்டன.

நேர்ல பார்க்க முடியாது. இணையத்துல பார்த்தா போதுமா?

விஷயம் தெரிந்துகொள்ளப் போதும். ஆனால் திரையில் எல்லாம் ஒரே அளவில் வரும். உள்ளங்கை அளவுப் படத்தில் இறுதி ஊர்வலமும் கடைசி மைன்ஹோஃபும் ஒரே உயரம், அதனால் ஒன்பதாவது கேள்வியில் சொன்ன சிறுத்துப் போகும் வரிசை காணாமல் போய்விடும். பார்க்கும்போது செ.மீ. அளவுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் சுவரில் சாக்பீஸால் அந்த அளவுக்குக் கட்டம் போட்டுப் பாருங்கள். மாணவர்களிடம் இதைச் செய்யச் சொல்வேன், உடனே பேச்சு மாறும். அப்புறம், நியூயார்க் போகும் வாய்ப்புக் கிடைப்பவர்கள் கிளம்புமுன் மோமாவின் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். தொகுப்பு எல்லா நேரமும் சுவரில் இருப்பதில்லை.